மகள் எடுத்த வாடகை வீட்டுக்கு எத்தனை நாள் போய் இருக்கலாம்?

சாத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு 26 வயது. பெங்களூரில் வேலை, இரண்டு வருடம் அங்கே பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதியில் இருந்தாள். இப்போது மாரத்தஹள்ளி பக்கம் கூட வேலை பார்க்கும் தோழியோடு சேர்ந்து இரண்டு ரூம் வீடு எடுத்திருக்கிறாள். நாங்கள் வந்து எல்லாம் எடுத்து வைத்துத் தருகிறோம் என்றால், "நீங்க சிரமப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறாளாம். அவள் அப்பாவோ சிலிண்டரிலிருந்து கிரைண்டர் வரை ஏற்றிக்கொண்டு வேன் பிடிக்கலாம் என்று நிற்கிறார். போகலாமா, என்ன கொண்டு போவது, எத்தனை நாள் இருப்பது? இதுதான் கேள்வி.

போங்கள். நாலு நாள். திரும்பி வருகிற டிக்கெட்டையும் இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள். கிரைண்டர் வேண்டாம்.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூத்தவள் 2017-ல் முருகேஷ்பாளையாவில் முதல் வீடு எடுத்தபோது நானும் வீட்டுக்காரியும் பன்னிரண்டு நாள் இருந்தோம். அடுக்களைத் தட்டுகளுக்கெல்லாம் காகிதம் விரித்து, எந்த டப்பா எங்கே என்று முடிவு செய்து, கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே அடுக்கிவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால் ஒரு டப்பாவும் வைத்த இடத்தில் இல்லை. வீட்டுக்காரி ஆசையாக வாங்கிக் கொடுத்த அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால், கடுகு இருந்த கிண்ணத்தில் சேஃப்டி பின், சீரகம் இருந்ததில் பட்டன், மஞ்சள் தூள் கிண்ணத்தில் சிம் கார்டு எடுக்கிற ஊசி. மகளுக்கு முகமே சரியில்லை. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ரயிலில் ராத்திரி பூராவும் பேச்சில்லை. விடிந்து திண்டுக்கல் தாண்டும்போதுதான், "அதுவும் நல்லதுக்குத்தான், அந்தப் பெட்டிக்கு மூடி இறுக்கமா இருக்கும், ஒண்ணும் சிந்தாது" என்றாள்.

அதற்கப்புறம் மகனும் அதே ஊரில் வீடு எடுத்தான், மகள் இரண்டு தடவை வீடு மாறினாள். மொத்தம் நாலு வீடு. எதைச் செய்தால் பிள்ளைகளுக்கு உதவி, எதைச் செய்தால் தொந்தரவு என்று ஓரளவுக்குப் பிடிபட்டது. அடுக்கி வைப்பது அவர்கள் வேலை. பத்திரம், கரண்டு, தண்ணீர் இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துக் கொடுப்பது நம் வேலை. 26 வயதில் யாரும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

"என்னம்மா உதவி வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். "அக்ரிமெண்டை போட்டோ எடுத்து அனுப்பு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவ படிச்சுப் பாக்கறேன்" என்று கேளுங்கள். உடனே அனுப்புவாள். அவளுக்கும் அதைப் படிக்கப் பொறுமை இருந்திருக்காது.

அதில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பதினோரு மாதம் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போகிற வாடகை ஒப்பந்தத்தை 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினோரு மாதம். அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூர் நம் ஊர் மாதிரி இல்லை. ஒரு காலத்தில் பத்து மாத வாடகை கேட்பது அங்கே சர்வ சாதாரணம். இப்போது ஐந்து, ஆறு என்று இறங்கியிருக்கிறது, பேசினால் இன்னும் குறைக்கிறவர்களும் உண்டு. எவ்வளவாக இருந்தாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள், ரொக்கம் வேண்டாம். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அது அக்ரிமெண்டில் என்ன வார்த்தையில் இருக்கிறது என்று பாருங்கள். "ஒரு மாத வாடகை" என்று இருந்தால் சரி. "பெயிண்ட் மற்றும் இதர செலவுகள்" என்று மொட்டையாக இருந்தால் தொகையை எழுதச் சொல்லுங்கள். காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் கை வைப்பார்களா, மெயின்டனன்ஸில் தண்ணீர் டேங்கர் காசு சேர்ந்ததா தனியா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து எடுக்கிற வீடு. அக்ரிமெண்டில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். ஒருத்தி பெயரில் மட்டும் இருந்தால், மற்றவளுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகிக் கிளம்பிப் போகும்போது முழு வாடகையும் இவள் தலையில் விழும். அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சிநேகிதிகளுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படுவார்கள். பெற்றவர்கள் சொல்லி எழுதினதாக இருக்கட்டும், பழி நம் மேல் விழுந்தால் பரவாயில்லை. மகளின் கம்பெனியில் பழைய வரிமுறைப்படி வீட்டு வாடகைக் கழிவு வாங்குகிறாள் என்றால், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை போகும்போது ஓனரின் பான் நம்பரைக் கேட்பார்கள். சில ஓனர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

சாவி வாங்கின அன்றைக்கு, ஒரு சாமானும் உள்ளே போவதற்கு முன்னால், வீடு பூராவும் ஒரு வீடியோ. சுவரில் ஈரம், உடைந்த டைல்ஸ், கதவுக் கொண்டி, பாத்ரூம் கண்ணாடி எல்லாம் அதில் வரட்டும். அதை அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட வேண்டும். பதினோரு மாதம் கழித்து "இந்த விரிசல் நீங்க வந்தப்ப இல்ல" என்று வரும்போது அந்தத் தேதிதான் பேசும். இதை மகளே செய்துகொள்வாள், நீங்கள் போக வேண்டும் என்றில்லை.

இனி என் தொழில். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே மீட்டர் போர்டில் அவர்கள் வீட்டு மீட்டர் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒருவர் மேலே போய் வீட்டின் மெயினை அணைக்கட்டும், இன்னொருவர் மீட்டர் முன்னால் நிற்கட்டும். இப்போதைய மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும், பல மீட்டர்களில் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். மெயினை அணைத்தபிறகு அந்த மினுக்கல் நின்றுவிட வேண்டும். சில மீட்டரில் நிலையாக எரிந்தபடி நிற்கும், அதுவும் சரிதான். ஆனால் மெயின் அணைத்தும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், உங்கள் மகளின் மீட்டரிலிருந்து வேறு யாரோ கரண்டு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். மாடிப்படி விளக்காக இருக்கலாம், பொது மோட்டாராகவும் இருக்கலாம். மகனின் வீட்டில் இப்படித்தான் சம்பு என்கிற தரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார் அவன் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஓனருக்கே தெரியாது, என்றைக்கோ வயரிங் செய்தவர் செய்த வேலை. காட்டியதும் மாற்றிக் கொடுத்துவிட்டார், நல்ல மனிதர்.

அந்த வீட்டுக்குத் தனி மீட்டரே இருக்கிறதா, இல்லை ஓனர் மீட்டருக்குக் கீழே சப்-மீட்டரா என்பது அடுத்தது. இதில் பணம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2023-லிருந்து கிருஹஜோதி என்று ஒரு திட்டம் நடக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு மாதம் ஒரு குறிப்பிட்ட அளவு வரை, உச்சமாக 200 யூனிட் வரை, கரண்டுக்குக் காசில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் மீட்டரின் கணக்கு எண்ணோடு, ஆர்.ஆர். நம்பர் என்பார்கள், குடியிருப்பவரின் ஆதாரை இணைக்க வேண்டும். முன்னால் இருந்தவரின் ஆதார் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் புதிதாகச் சேர்க்க முடியும். சப்-மீட்டராக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொல்வதுதான் கணக்கு. அந்த விலையையும் அக்ரிமெண்டில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில். அங்கே பெஸ்காம் என்கிற மின் நிறுவனம் மாதாமாதம் எடுக்கும். முதல் பில் வரும்போது பழைய பாக்கி ஏதாவது சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாத்ரூமில் கீசர் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பித்தளை மஞ்சளாக இருந்தால் சரி. கறுத்தோ பிளாஸ்டிக் உருகினது மாதிரியோ இருந்தால் சாக்கெட்டை மாற்றியாக வேண்டும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்தான் சரி. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், கடையில் கன்வெர்ட்டர் பிளக் என்று ஒன்று வாங்கி, இண்டக்‌ஷன் அடுப்பின் பெரிய பிளக்கை 6 ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் மாட்டிவிடுகிறார்கள். என் மகள் வீட்டில் அது உருகி, மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு நாற்றம் அடித்திருக்கிறது. அவளும் ஃபிரிட்ஜில் இருந்ததையெல்லாம் எடுத்து மோந்து பார்த்திருக்கிறாள். மின்வாரியக்காரன் பெற்ற பிள்ளை. அப்படி ஒரு வாடை வந்தால் மெயினை அணைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எம்.சி.பி. பெட்டியில், அதாவது தானாக விழுகிற ஸ்விட்சுகள் இருக்கிற பெட்டியில், ஆங்கில 'T' எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருந்தால், அது கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சாதனம். அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் பழுது. பழைய வீடுகளில் அது இருக்கவே இருக்காது. அப்படியென்றால் ஓனரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பெண்கள் ஈரக் கையோடு கீசரும் வாஷிங் மெஷினும் தொடுகிற வீடு, நம் செலவில் போட்டாலும் தப்பில்லை.

தண்ணீருக்கு வருவோம். பெங்களூரில் வீடு பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "காவேரியா, போரா?" என்பதுதான். போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. காவேரித் தண்ணீர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து வருகிறது. ஊரின் ஓரப் பகுதிகளில் எல்லா வீட்டுக்கும் வராது, வந்தாலும் எல்லா நாளும் வராது. 2024 கோடையில் அந்த ஊர் டேங்கருக்கு அலைந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிய பிறகு பல இடங்களுக்குப் புதிதாகக் குழாய் வந்திருக்கிறது. உங்கள் மகள் தெருவில் என்ன நிலைமை என்பதை ஓனரிடம் கேட்காதீர்கள், கீழ் வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். "ஏப்ரல் மாசம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். போர் தண்ணீர் என்றால் உப்பு ஏறியிருக்கும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குடிக்க இருபது லிட்டர் கேன், அல்லது வடிகட்டி. தலைக்குக் குளிக்க அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மாதம் ஒரு தடவை "முடி கொட்டுதும்மா" என்று போன் வரும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கேஸ் சிலிண்டரை உங்கள் வீட்டுக்காரர் ஏற்றிக்கொண்டு போக நினைக்கிறார் அல்லவா, வேண்டாம். ரயிலில் கொண்டுபோகவே கூடாது. வேனில் போனாலும் அந்த ஊர் ஏஜென்சி நம் ஊர்க் கணக்குக்கு மாற்றுச் சிலிண்டர் தராது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரத்தில் மூன்று நாள் சமைத்தால் அதிகம். ஆரம்பத்துக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அடையாள அட்டையைக் காட்டினால் ஏஜென்சியில் தருவார்கள். நிலையாக இருக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபிறகு வாடகை அக்ரிமெண்டை வைத்து 14.2 கிலோ இணைப்புக்கு எழுதிப் போடட்டும்.

என்ன கொண்டு போகலாம்? முதலில் அந்தத் தோழியின் அம்மாவிடம் நீங்களே ஒரு போன் போட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரண்டு மிக்ஸி இருக்கும், விளக்குமாறு இருக்காது. எங்களுக்கு அதுதான் நடந்தது. மூன்று லிட்டர் குக்கர், மிக்ஸி, இரண்டு சட்டி, நாலு தட்டு, இவ்வளவுதான். கட்டில், பீரோ, மெத்தை எதையும் ஊரிலிருந்து ஏற்றாதீர்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் அங்கே மாத வாடகைக்கே கிடைக்கிறது. பதினோரு மாதத்தில் வீடு மாறப்போகிறவர்களுக்கு அதுதான் லாயக்கு. அரிசி மூட்டையும் வேண்டாம். அங்கே சோனா மசூரி தின்று பழகிவிட்டாள், இட்லி அரிசியும் கடையில் கிடைக்கிறது. கடையில் கிடைக்காத ஒரே சாமான் உங்கள் வீட்டில் பழகின இரும்புத் தோசைக்கல். அதைக் கொடுங்கள். நீங்கள் புதிதாக ஒன்று வாங்கிப் பழக்கிக்கொள்ளலாம், உங்களுக்கு நேரமிருக்கிறது.

தோசை என்றதும் ஞாபகம் வருகிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 15 டிகிரி வரை இறங்கும். சாத்தூரில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கிற மாவு, அங்கே வைத்தது வைத்தபடி கல் மாதிரி கிடக்கும். முதல் குளிர்காலத்தில் என் மகள் அழாத குறை. "நீ சொன்ன அளவுதான போட்டேன், உளுந்து சரியில்லையா?" என்று அவள் அம்மாவிடம் சண்டை. உளுந்தில் ஒன்றும் இல்லை. அங்கே மாவுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் கொடுக்க வேண்டும். கடைசி ஓட்டு ஆட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும், உப்பைப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கலக்க வேண்டும், பாத்திரத்தை மூடி அணைத்து வைத்த ஓவனுக்குள்ளேயோ பெரிய ஹாட்பேக்குக்குள்ளேயோ வைக்க வேண்டும். மகள் கடைசியில் கண்டுபிடித்தது அவளுடைய பழைய ஸ்வெட்டரை. மாவுச் சட்டிக்கு அதை மாட்டி, கை இரண்டையும் மேலே கட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். காலையில் அடுக்களையில் யாரோ சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இப்போதும் அப்படித்தான் செய்கிறாள்.

பால் காய்ச்சுகிற விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். ஆடியில் குடி போகலாமா என்று மாமியார் சொல்வார், ஓனரோ ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை போடுவார். ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் சாவி வாங்கி, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், சாமி படம் வைத்துப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிட்டால், சாமான் எப்போது போனாலும் கணக்கில்லை என்பார்கள் பெரியவர்கள். அந்தத் தோழி வேற்று மதம் என்றால் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது அவள் வீடும்தான். பால் குடிக்க யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மகளுக்குக் கன்னடம் தெரியுமா என்று கேளுங்கள். இரண்டு வருடம் பி.ஜி.யில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்காது, ஆபீசில் இங்கிலீஷ், பி.ஜி.யில் இந்தி என்று ஓடியிருக்கும். வீடு எடுத்தபிறகு பால்காரர், குப்பை வண்டிக்காரர், கீழ் வீட்டு அம்மா எல்லோரோடும் பேசியாக வேண்டும். தமிழ் பேசினாலே அங்கே பலருக்குப் புரியும், அல்சூர், சிவாஜிநகர் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினால் முகம் மலர்கிறது. நமக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. நம் ப அங்கே பல இடத்தில் ஹ ஆகிவிடும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, புளி ஹுளி. நம் வ, பாபுவில் வருகிற ப ஆகிவிடும்: வேண்டும் பேக்கு, வேண்டாம் பேடா, வெல்லம் பெல்லா, வெண்ணெய் பெண்ணெ, வா என்றால் பா. வீட்டுக்கு மனெ. நம் மனைதான். இதை நான் ரயிலில் பக்கத்து சீட் மாண்டியாக்காரரிடம் கற்றுக்கொண்டேன். எனக்கே ஒரு வாரத்தில் காய்கறிக் கடை வரை வந்துவிட்டது.

ஸ்கூட்டரை அனுப்ப நினைத்தால் ரயிலில் பார்சலாகப் போடலாம், டேங்கில் பெட்ரோலைச் சுத்தமாக இறக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே ஓட்டுவதென்றால் சட்டப்படி கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். பழைய ஸ்கூட்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அங்கே பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான்.

இப்போது நாலு நாள் கணக்கு. வியாழன் சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து வருகிற மைசூரு வண்டியில் ஏறினால் வெள்ளி காலையில் பெங்களூர். மதுரைக்குப் போய் ஏறலாம் என்றால் 2024-லிருந்து வந்தே பாரத்தும் இருக்கிறது, விடிகாலையில் கிளம்பி மத்தியானம் போய்விடும். எதுவானாலும் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை. வெள்ளிக்கிழமை ஏன் என்றால், பிளம்பர், கேஸ் ஏஜென்சி, இண்டர்நெட் போடுகிறவர் எல்லோரும் வருகிற நாள். பிள்ளைகள் ஆபீசில் இருப்பார்கள், யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அதுதான் நீங்கள் செய்கிற பெரிய உதவியே: கதவைத் திறந்துவிட ஒரு ஆள். சனி, ஞாயிறு அவர்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்கள் அடுக்கட்டும், நீங்கள் எடுத்துக் கொடுங்கள். திங்கள் ராத்திரி வண்டி ஏறிவிடுங்கள்.

ராத்திரி எங்கே படுப்பது என்பதை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அவள் மகள். அந்தத் தோழிக்கு உங்கள் வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஆம்பளை. ஒரே ஹால், ஒரே பாத்ரூம். உங்கள் மகள் வரவேண்டாம் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும், உங்களிடம் சொல்லத் தெரியாமல் சொல்கிறாள். நீங்கள் மகளோடு படுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்காரரைப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போடச் சொல்லுங்கள். பகலில் வந்து மீட்டரைப் பார்க்கட்டும், கொடிக்கயிறு கட்டட்டும், ஆணி அடிக்கட்டும். ஆணி அடிக்கும் முன் ஓனரிடம் கேட்கட்டும்.

நான் சொல்லிச் செய்தவற்றில் பிள்ளைகள் இன்றுவரை மாற்றாத ஒன்று, அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டின ஒரு தாள். ஓனர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், கேஸ், தண்ணீர் கேன், பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, கீழ் வீட்டு அம்மா, கரண்ட் பில் ஆர்.ஆர். நம்பர். எல்லாம் போனில் இருக்கே என்பார்கள். போன் சார்ஜ் இறங்கி, கரண்டும் போன ராத்திரியில் தாள்தான் இருக்கும். கீழ் வீட்டு அம்மாவுக்கு நம் ஊர்க் கருப்பட்டியோ கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ ஒரு பொட்டலம் நீங்களே நேரில் கொடுத்துவிட்டு, "நம்ம பொண்ணுங்கதான், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதை மகள் செய்யமாட்டாள், நாம்தான் செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் பணத்தை நீங்கள் கொடுத்திருந்தால், அது கடனா, கொடுத்ததா என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்து இரண்டு வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சின்போது எடுத்தால் நன்றாக இருக்காது. எங்கள் வீட்டில் அது ஒரு கசப்பு, விட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் எப்படியும் டூல் பை எடுத்துக்கொண்டுதான் வருவார். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒரு நல்ல திருப்புளி, இன்சுலேஷன் டேப். பெண்களுக்கு முன்னால் ஒரு தடவை சாக்கெட்டைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், மெயினை அணைத்துவிட்டு. அப்புறம் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் இங்கே வேறு வாங்கிக்கொள்ளட்டும்.